ஊர்க் கணக்கில் சனிக்கிழமை

ஜூன் 8, வியாழன்

தென்கோளத்துக் குளிர்காலம். மூன்றாவது நாளாகப் பனி. தொலைநோக்கிக் குவிமாடத்தின் கதவு உறைந்துபோய் அசையவே மாட்டேன் என்கிறது. நேற்று சாயங்காலம் பார்த்துச் செயற்கைக்கோள் செய்தி அனுப்பித் தொலைத்தது. தென் வானில், எங்கள் தலைக்கு நேர் மேலே ஒரு காமாக் கதிர் வெடிப்பு. இதைவிட வாகான இடம் இனிக் கிடைக்காது. நான் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று எழுந்து பார்த்தால் சிலியில் யாரோ அதன் பின்னொளியைக் கண்டுபிடித்து உலகத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டார்கள். நன்றாக இருக்கட்டும். நாலு வருஷமாக இந்த மலையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றைக்கூட நான் முதலில் பிடித்ததில்லை. உள்ளபடி சொன்னால், முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை.

இந்த வெடிப்புகளுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. நடந்த தேதிதான் பெயர். அதுவும் எங்கள் கடிகாரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்னால் வரும் கிரீன்விச் தேதி. நேற்றைய வெடிப்பு இனி என்றைக்கும் ஜூன் ஏழுதான். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை இந்த நோட்டில் பழைய தேதியையே போடுகிறேன். மலைக் கணக்கு ஒன்று, கீழே ஊர்க் கணக்கு ஒன்று. ஊரில் பிறந்தவளுக்கு ஊர்க் கணக்கு மறந்துபோய்விட்டது.

ஜூன் 11, ஞாயிறு

கீழே எங்கள் ஊரான சதர்லாந்துக்கு இறங்கிப் போனேன். கோயிலில் ஆராதனை முடிந்து நேராகத் தம்பி ஃப்ளோரிஸ் வீடு. அவன் அடுப்புப் பக்கம் நாற்காலியில் இருந்தான், மூக்கில் குழாய். ஆக்சிஜன் இயந்திரம் மூலையில் முனகிக்கொண்டே இருக்கிறது. வடக்கே ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தது ஆறே வருஷம். அப்புறம் இத்தனை காலம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். அந்தத் தூசி அவனுக்குள் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறது.

அவன் மனைவி மீட்டா ஆட்டுக் கழுத்துக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு வாய்தான் அவனுக்கு இறங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்து, உங்கள் அக்கா மலையில் என்னதான் செய்கிறாள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"எங்க அக்கா எழவு கேக்கப் போறவ. எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செத்துப்போகும். அது போன இடத்துல கொஞ்ச நேரம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். சூடு ஆறுறதுக்குள்ள இவ போய்ப் பாக்கணும். இவ என்னைக்கு நேரத்துக்குப் போயிருக்கா?"

பத்து வருஷம் படித்த படிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அந்த அம்மாள் சிரித்தாள், மீட்டாகூடச் சிரித்தாள். சிரித்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணு கிடைச்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும். உன் ஆளுங்களுக்கு அப்புறம் சொல்லிக்கோ. நீ ஒரு தடவையாவது நேரத்துக்குப் போனேன்னு கேட்டுட்டு நான் போறேன்."

செப்டம்பர் வசந்தத்தில் இங்கே மலரும் பூக்களை அவன் பார்க்க மாட்டான் என்று டாக்டர் மீட்டாவிடம் சொல்லியிருக்கிறார். மீட்டா வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். அவனுக்கும் தெரியும் போலிருக்கிறது.

ஜூன் 19, திங்கள்

மேகம்.

ஜூன் 20, செவ்வாய்

மேகம். மலையில் இப்போது இரவுகளெல்லாம் ராடமேயருடையவை. புளூம்ஃபொன்டெய்னிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர். ஒரே ஒரு நட்சத்திரம் துடிப்பதை வாரக்கணக்கில் விடாமல் பார்க்கிறார். நடுவில் ஒரு மணி நேரம் விட்டுப்போனாலும் அவர் கணக்கு கெட்டுவிடும். எனக்கென்று ஓர் இரவுகூடக் கிடையாது. வெடிப்பு நடந்தால் மட்டும் அடுத்தவர் இரவைப் பறித்துக்கொள்ளலாம் என்று ஓர் அனுமதி, அவ்வளவுதான். அதுவும் ஜூலை முடிய. நாலு வருஷத்தில் ஒன்றும் காட்டாதவளுக்கு மறுபடி தர மாட்டார்கள், நானாக இருந்தாலும் தர மாட்டேன்.

என்னைப் பார்த்தாலே அவர் முகம் கறுக்கிறது. பறிக்க வருபவளை யார்தான் டீ கொடுத்து வரவேற்பார்கள்?

ஜூன் 24, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று வெடிப்பு வந்தது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ராடமேயர் நாற்காலியை விட்டு எழுந்தார். படம் எடுத்தேன். அதே இடத்தின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் இல்லாத புள்ளி ஒன்று புதியதில் இருந்தது. செயற்கைக்கோள் சொன்ன இடத்திலேயே இருந்தது. இரண்டாவது படம் எடுத்து, அது மங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் யாரிடமும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைத்தான் நான் முதல் நாளே சொல்லித்தருகிறேன். ஆனால் ஃப்ளோரிஸ் விழித்திருப்பான், இருமல் அவனைத் தூங்கவிடாது என்று தெரியும். ஃபோன் செய்துவிட்டேன். கிடைச்சிருச்சுடா என்றேன். அழுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது படத்தில் புள்ளி மங்கவில்லை. நகர்ந்திருந்தது. ஏதோ ஒரு குறுங்கோள், சூரியனைச் சுற்றிக்கொண்டு அந்த நேரம் பார்த்து அந்த வழியாகப் போயிருக்கிறது. உண்மையான பின்னொளி அங்கே எங்கும் இல்லை.

இன்று போய்ச் சொன்னேன். அதற்குள் அவன் தெரு முழுக்கச் சொல்லியிருந்தான். பேக்கரிக்காரன் எனக்குக் கை கொடுத்தான். ஃப்ளோரிஸ் கூரையைப் பார்த்தபடி, "நடந்து போற கல்லைப் பாத்தா எழவு விசாரிச்சே?" என்றான். அப்புறம் சமாதானமாக, பரவாயில்லை அக்கா, ஒரு ராத்திரி நல்லாத் தூங்கினேன் என்றான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மீட்டா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஜூலை 3, திங்கள்

மறுபடி ஒரு வெடிப்பு, ராடமேயருடன் சண்டை. அவருடைய நட்சத்திரம் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து நான் போய் நின்றேன். அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"உங்க நட்சத்திரம் செத்துப்போச்சு, டாக்டர் விசாகி. என்னோடது உயிரோட இருக்கு. செத்ததுக்காக உயிரோட இருக்கறதை விட்டுட்டுப் போகச் சொல்றீங்க."

என் வேலையைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு மட்டும் வேறு எங்கேயோ சுட்டது. விதி விதிதான் சார் என்றேன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார், அந்தக் குளிரில்.

படங்களில் ஒன்றுமே இல்லை. இதற்கு இருண்ட வெடிப்பு என்று பெயர். காமாக் கதிர் வந்துவிடும், வெளிச்சம் வந்து சேராது. வழியில் தூசி மறைத்திருக்கலாம். ஒரு மனிதரின் இரவைப் பறித்து இருட்டைப் படம் எடுத்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

ஃப்ளோரிஸ் கட்டிலுக்கு மாறிவிட்டான். இனி நாற்காலி இல்லை. தூசி மறைத்த கதையைச் சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரட்டும் என்று. "அதுக்கும் என் வியாதிதானா?" என்று கேட்டான். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்தி மூச்சு எடுத்தான்.

அவன் கால் விரல்கள் நீலமாக இருக்கின்றன. கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டேன். சின்ன வயதில் ஒரே ஜோடி காலுறையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 12, புதன்

மீட்டா மலைக்கே ஃபோன் செய்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. இன்று நிறுத்தாமல் பேசினாள். ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கிறாளாம். அவன் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் எண்ணுகிறாளாம். நான் ஒருத்தி கூடப் பிறந்தவள் என்று இருந்தும், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு மலையில் இருக்கிறேனாம்.

"நீங்க தேடறது எப்ப வேணா வெடிக்கும், அண்ணி. இங்க ஒரே ஆளுதான்."

வெள்ளிக்கிழமை வருகிறேன், வந்தால் கூடவே இருக்கிறேன் என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

ஃப்ளோரிஸ் வீட்டில் எழுதுகிறேன். சமையலறை. வெளியே வெயில், கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. இயந்திரம் முனகுகிறது. மீட்டாவைப் படுக்கச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கண்ணைத் திறந்து, இன்னும் கிடைக்கலையா என்றான். இல்லடா என்றேன். நேரமாகுது என்றான். எனக்கா அவனுக்கா, தெரியவில்லை.

இன்று எங்கேயும் போகப்போவதில்லை.

ஜூலை 14, இன்னும்

மலையில் இருக்கிறேன். ஊரில் சனி பிறந்துவிட்டது, இங்கே இன்னும் வெள்ளிதான்.

ராத்திரி வெகு நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபோன் அடித்தது, வெடிப்புச் செய்திக்கான மணி. எடுக்காமல் கவிழ்த்து வைத்தேன். மீட்டா பார்த்தாள். ஃப்ளோரிஸுக்கு எப்படித்தான் கேட்டதோ — "போ" என்றான். நான் அசையவில்லை. "ஓடு" என்றான். இரண்டு வார்த்தைக்கு அவ்வளவு மூச்சைச் செலவு செய்தான். மீட்டா என்னைப் பார்க்காமல் கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள்.

முதல் படத்தில் புள்ளி இருக்கிறது. பழைய படத்தில் இல்லை. நல்ல வெளிச்சம், இவ்வளவு வெளிச்சமாக நான் எதிர்பார்க்கவே இல்லை. ராடமேயர்கூட எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

ஃபோன் செய்யவா? கை அங்கேதான் போகிறது. இல்லை. போன தடவை மாதிரி ஆகக் கூடாது. இன்னொரு பொய்யை அவன் தலைமாட்டில் வைக்க மாட்டேன். இரண்டாவது படத்துக்கு இடைவெளி வேண்டும், நகர்கிறதா மங்குகிறதா என்று தெரிய வேண்டும். காத்திருக்கிறேன். இரு ஃப்ளோரிஸ். கொஞ்சம் இருடா.

மங்கியிருக்கிறது. நகரவில்லை. மங்கியிருக்கிறது. அதுதான், அதேதான்—

ஜூலை 16, ஞாயிறு

ஃபோன் செய்தேன். மீட்டா எடுத்தாள். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "வந்துடுங்க அண்ணி" என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. கோட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அப்படியே ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. அவன் கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் போய்விட்டேன், ஃப்ளோரிஸ். இந்தத் தடவை நேரத்துக்குப் போய்விட்டேன். நீதான் அதைச் சொல்லிச் சிரிக்க இல்லை.

அறிவிப்பு அனுப்பவில்லை. அது நினைவுக்கே வரவில்லை. விடிவதற்குள் சிலியில் ஒருவர் அதே புள்ளியைப் பிடித்து அனுப்பிவிட்டார். முதலில் அனுப்பியவருக்குத்தான் பெயர். என் இரண்டு படங்கள் அவருக்கு முந்தியவை. அதனால் என்ன.

ராடமேயர் வந்து துக்கம் கேட்டார். கையில் ஓர் உறை. நான் போன பிறகு அவர் தன் நட்சத்திரத்துக்குத் திரும்பவே இல்லையாம். விடியும்வரை என் புள்ளியையே விடாமல் படம் எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். உங்கள் கணக்கு கெட்டிருக்குமே என்று கேட்டேன்.

"என்னோடது நாளைக்கும் இருக்கும்," என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் அத்தனை பேர் இருக்கும்போது பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஜூலை 19, புதன்

சனிக்கிழமை அடக்கம். கோயிலில் கொடுக்கும் அட்டை அச்சாகி வந்தது. முன்பக்கம் அவன் படம், பஸ் பக்கத்தில் நின்று எடுத்தது. கீழே இந்த ஊர் வழக்கப்படி உதயம் என்று பிறந்த தேதி, அஸ்தமனம் என்று இறந்த தேதி. அச்சகத்துக்குத் தேதிகளைச் சொன்னது நான்தான். மீட்டா ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அஸ்தமனம் ஜூலை பதினாலுன்னு போட்டிருக்கு."

ஆமாம் என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"அவர் சனிக்கிழமை போனார், அண்ணி. பன்னெண்டு அடிச்சு ஒண்ணரை மணி நேரம் என்கூட இருந்தார். அந்த ஒண்ணரை மணி நேரம் நீங்க இங்க இல்ல. நான்தான் இருந்தேன். அதையும் உங்க கணக்குல எடுத்துக்கிட்டீங்க."

மலைக் கணக்கு. ஊரில் அவன் பதினைந்தாம் தேதி இறந்தான், கிரீன்விச்சில் பதினான்காம் தேதி இறந்தான். கூடப் பிறந்தவன் செத்த தேதியைக் கிரீன்விச்சில் சொன்ன ஒரே பைத்தியம் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். வேறு யாருக்கு இப்படித் தப்பு வரும்? மன்னிச்சுக்கோ மீட்டா, மன்னிச்சுக்கோ என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 21, வெள்ளி

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. உட்கார்ந்து அத்தனை அட்டையிலும் நாலை அடித்து ஐந்து என்று பேனாவால் எழுதினேன். பாதி வேலையில் மீட்டா வந்து எதிரில் உட்கார்ந்து ஓர் அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டாள். அவள் எழுதிய ஐந்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

ஜூலை 22, சனி

அடக்கம் ஆயிற்று. மண் உறைந்திருந்ததால் கடப்பாரை போட்டுத்தான் தோண்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் வந்திருந்தார்கள். சவப்பெட்டிக்குப் பின்னால் பஸ்ஸைக் காலியாக ஓட்டிவந்தார்கள். கோயில் மண்டபத்தில் காபி, ரொட்டி. பேக்கரிக்காரன் இந்தத் தடவையும் எனக்குக் கை கொடுத்தான்.

ஜூலை 31, திங்கள்

அனுமதி இன்றோடு முடிகிறது. புதுப்பிக்கும்படி நான் கேட்கவில்லை. ராடமேயர் ஊருக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, சனி — ஊர்க் கணக்கில்

மீட்டா வீட்டில் இருக்கிறேன். இரண்டு வாரமாக வெள்ளி வந்து ஞாயிறு போகிறேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்துச் சமைக்கிறாள்.

இன்று டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் படத்தைக் காட்டுங்கள் என்றாள். ராடமேயர் கொடுத்த உறை என் பையிலேயேதான் இருந்தது. மேசைமேல் வரிசையாக வைத்தேன். பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் ஒரு புள்ளி. அடுத்ததில் கொஞ்சம் சின்னதாக. அதற்கடுத்ததில் இன்னும். கடைசிப் படத்தில் வட்டம் மட்டும்தான் இருக்கிறது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பெயர் என்ன என்று கேட்டாள். ஜூலை பதினாலு என்றேன். அவள் கோபப்படவில்லை. அது அதோட தேதி, இருந்துட்டுப் போகட்டும் என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு ஒரு மணி வாக்குல கண்ணைத் தொறந்து கிடைச்சுதான்னு கேட்டார். உங்ககிட்டேருந்து ஃபோன் ஒண்ணும் வரல. கிடைச்சிருச்சு, அக்கா இப்பதான் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். பொய்தான். எங்கேன்னு கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தார், கடைசிவரைக்கும்."

நான் இரண்டாவது படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரம் அது. உலகத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கே நிச்சயமில்லை. அவனுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டபடியே.

அவள் என்னைப் பார்த்தாள். "சரியான பக்கந்தானா, அண்ணி?"

அவன் படுத்திருந்த அறையில் ஒரே ஜன்னல்தான். கிழக்கே ரோட்டைப் பார்த்தது. வெடிப்பு அன்றைக்கு மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்குப் பின்னால்.

"சரியான பக்கந்தான் மீட்டா," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.